நெஞ்சுக்கு ஒரு தைலம்

தமிழில் 'நெஞ்சு' என்கிற வார்த்தையைப் போல ஓயாமல் வேலை பார்க்கும் வார்த்தை வேறு இருக்குமா என்பது சந்தேகம். காதலில் தோற்றவனுக்கு நெஞ்சு உடைகிறது. கடன்காரனைத் தெருமுனையில் கண்டவனுக்கு நெஞ்சு திக்கென்கிறது. சளி பிடித்த குழந்தைக்கு நெஞ்சு கட்டிக் கொள்கிறது. பஜ்ஜியில் நாலு அதிகமாகத் தின்றவருக்கு நெஞ்சு கரிக்கிறது. பொய் சொன்னவனை 'நெஞ்சைத் தொட்டுச் சொல்' என்கிறோம். மனசு, மார்பு, நுரையீரல், இரைப்பை, இருதயம் ஆகிய ஐந்து பேரும் இந்த ஒரு வார்த்தைக்குள் ஒண்டுக்குடித்தனம் இருக்கிறார்கள். தபால்காரர் வந்து கதவைத் தட்டினால், கடிதம் யாருக்கு என்று தெரியாமல் ஐந்து பேரும் எழுந்து வருகிறார்கள்.

என்னைப் போலக் கதை எழுதிப் பிழைக்கிறவர்களுக்கு இது ரொம்ப சௌகரியம். 'அவள் நெஞ்சு கனத்தது' என்று எழுதிவிட்டால் போதும். எந்த டாக்டரும் எந்த இடத்தில் என்று கேட்கமாட்டார். ஆனால் நடுராத்திரியில் வீட்டுப் பெரியவர் ஒருவர் எழுந்து உட்கார்ந்து, "நெஞ்சு என்னமோ பண்ணுது" என்று சொல்லும்போது, அதே சௌகரியம் ஆபத்தாக முடிகிறது. ஐந்து பேரில் யார் கூப்பிடுகிறார்கள் என்று தெரியாது. வீட்டில் இருப்பவர்கள் கைக்கு எட்டியதை எடுக்கிறார்கள். நம் வீடுகளில் கைக்கு எட்டுவது பெரும்பாலும் ஒரு தைல சீசாதான்.

இதை எழுதத் தூண்டியவள் நெய்வேலியில் இருக்கும் என் அத்தை.

நெய்வேலியைத் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. 1930-களில் இந்தப் பகுதியில் கிணறு தோண்டிய ஜம்புலிங்க முதலியாரின் நிலத்தில் தண்ணீரோடு கறுப்பாக ஏதோ வந்தது. அதுதான் பழுப்பு நிலக்கரி. 1956-ல் நிலக்கரிக் கழகம் ஏற்பட்டது. 1957 மே மாதம் நேரு வந்து சுரங்க வேலையைத் தொடங்கி வைத்தார். 1961-ல் முதல் கரி வெளியே வந்தது. முந்திரிக் காடாகவும் பலாத் தோப்பாகவும் கிடந்த சீமையில், வட்டம் வட்டமாகப் பிரித்து, அகலமான சாலைகளும் இரு பக்கமும் மரங்களுமாக ஒரு நகரமே எழுந்தது. அங்கே அத்தையின் பிள்ளைக்கு ஒரு குவார்ட்டர்ஸ். மாமாவும் அதே சுரங்கத்தில் 38 வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்தான். இப்போது பிள்ளையோடு இருக்கிறார்கள்.

போன சித்திரையில் அங்கே போயிருந்தேன். கத்திரி வெயிலுக்கு முந்திய நாட்களிலேயே தார் ரோடு உருகிக் கொண்டிருந்தது. உள்ளே நுழைந்ததும் வீட்டில் வழக்கமான பலாப்பழ வாசனைக்குப் பதில் வேறு என்னவோ மணந்தது. கூடத்து மூலையில் வெள்ளைக் கிண்ணம் ஒன்று மின்சாரத்தில் மாட்டியிருந்தது. அதன் வாயிலிருந்து சன்னமான ஆவி, சாம்பிராணிப் புகை மாதிரி, ஆனால் புகையில்லாமல், எழுந்து கொண்டிருந்தது. பக்கத்தில் சுண்டுவிரல் உயரத்துக்கு ஐந்தாறு பழுப்பு நிறச் சீசாக்கள். லாவண்டர், ரோஸ்மேரி, பெர்கமாட், வெட்டிவேர் என்று லேபிள் ஒட்டியிருந்தது. பெங்களூரிலிருந்து பெண் அனுப்பியிருக்கிறாள். கூடவே ஒரு காகிதம்: இவை ரத்த அழுத்தத்தைக் குறைக்கும், இருதயத்துக்குப் பலம் தரும் என்று அச்சடித்திருந்தது.

"நாலு புஸ்தகம் படிக்கிறவன் நீ. இது நெஜமாடா?" என்று கேட்டாள் அத்தை. கேள்வி சாதாரணமாகத்தான் வந்தது. ஆனால் கேட்டுவிட்டு அவள் என் முகத்தையே பார்த்துக் கொண்டு நின்ற விதம் சாதாரணமாக இல்லை.

சமையலறையில் காப்பி கலக்கும்போது விஷயம் வெளியே வந்தது. மாமா ராத்திரி மாத்திரையை அடிக்கடி விட்டுவிடுகிறார். அட்டையில் மாத்திரைகள் மீந்து கிடப்பதை அத்தை எண்ணிப் பார்த்திருக்கிறாள். கேட்டால், "அதான் அந்தக் கிண்ணம் ஓடுதே, நல்லாத் தூக்கம் வருதே, பிரஷரும் இறங்கித்தானே இருக்கு" என்கிறாராம்.

மாமாவுக்கு ஆறு வருஷத்துக்கு முன்னால் மாரடைப்பு வந்தது. அன்று ராத்திரி இரண்டரை மணிக்கு, நெஞ்சு என்னமோ பண்ணுகிறது என்று எழுந்திருக்கிறார். மாலையில் ஒரு கல்யாண வரவேற்பில் சாப்பிட்டு வந்தவர். வாயுத் தொந்தரவு என்று அத்தை நினைத்தாள். ஓமத் தண்ணீர் கொடுத்தாள். மார்பிலும் முதுகிலும் தைலம் தேய்த்தாள். கொஞ்சம் குறைந்தது போல இருந்தது. மறுபடி தேய்த்தாள். பொழுது விடியும் நேரத்தில் சட்டை நனைந்து போகிற அளவுக்கு வியர்த்துக் கொட்டிய பிறகுதான் பிள்ளையை எழுப்பினாள். ஆஸ்பத்திரி, அங்கிருந்து பாண்டிச்சேரி, ரத்தக் குழாயில் ஸ்டென்ட் என்று எல்லாம் நடந்து பிழைத்துக் கொண்டார். ஆனால் இருதயத் தசையில் ஒரு பகுதி பலவீனமாகிவிட்டது. "இன்னும் முன்னாடியே கொண்டு வந்திருக்கலாமே அம்மா" என்று அங்கே யாரோ சொல்லியிருக்கிறார்கள். சொன்னவர் அடுத்த நிமிஷம் மறந்து போயிருப்பார். அத்தை ஆறு வருஷமாக மறக்கவில்லை.

ஆகவே அவள் என்னிடம் கேட்டது பெங்களூர்ச் சீசாக்களைப் பற்றி மட்டும் அல்ல. தன் கையைப் பற்றியும்தான். அதற்குப் பொறுப்பாகப் பதில் சொல்ல வேண்டும் என்பதற்காகப் படித்தேன். இரண்டு டாக்டர் நண்பர்களையும் தொந்தரவு செய்தேன். தெரிந்து கொண்டதைத்தான் கீழே சொல்கிறேன்.

முதலில், இந்தச் சீசாக்களில் இருப்பது எண்ணெயே அல்ல. எள்ளின் நெய் என்பதால் எண்ணெய் என்றார்கள்; 'தைலம்' என்கிற வடமொழிச் சொல்லும் எள்ளிலிருந்து வந்ததுதான். நல்லெண்ணெயை ஒரு சொட்டுக் காகிதத்தில் விட்டால் ஊறிப் பரவி, கறை அப்படியே நிற்கும். லாவண்டர்ச் சாரத்தை விட்டுப் பாருங்கள். கொஞ்ச நேரத்திலோ ஒரு நாளிலோ காகிதத்தை விட்டுப் பறந்துவிடும். காற்றோடு போகிற குணம்தான் அதன் உயிர். மூக்குக்கு வருவதே அதனால்தான்.

இதை இறக்குகிற விதத்தைத் தெரிந்துகொள்ள நெய்வேலிக்காரர்கள் பிரான்ஸ் தேசத்துக்குப் போக வேண்டியதில்லை. இதே ஜில்லாவில், கடலூருக்குத் தெற்கே நொச்சிக்காடு மாதிரிக் கடற்கரைக் கிராமங்களின் மணலில் வெட்டிவேர் பயிராகிறது. மணல் ஆனபடியால் வேர் நேராக ஆழத்துக்கு இறங்குகிறது. தோண்டி எடுப்பதும் சுலபம். ஏறக்குறைய ஒரு வருஷம் வளர்ந்த வேரைத் தோண்டி, அலசி, காய வைத்து, பெரிய பாத்திரத்தில் அடைத்து, அதன் ஊடே நீராவியை விடுகிறார்கள். ஆவி வேரின் மணத்தைத் தூக்கிக் கொண்டு குழாய் வழியே போய்க் குளிர்ந்து தண்ணீராகிறது. தண்ணீரிலிருந்து சாரம் தனியே பிரிகிறது. வெட்டிவேரின் சாரம் லேசில் இறங்காது. பல மணி நேரம் அடுப்பு எரிய வேண்டும். நீலகிரியிலும் இதே கதைதான். விறகுக்காக என்று 1843-ல் அங்கே கொண்டு வந்து நட்ட யூகலிப்டஸ் மரம், இலையைக் காய்ச்சியதும் தைல மரமாகிவிட்டது. ஊட்டிக்குப் போகிறவர்கள் வர்க்கியும் தேயிலையும் நீலகிரித் தைலமும் வாங்காமல் திரும்பினால், போனதாகவே வீட்டில் ஒப்புக் கொள்ளமாட்டார்கள்.

இவற்றுக்கு ஒரு சக்தியும் இல்லை என்று சொல்லிவிட முடியாது. ஓமத்தில் தைமால் இருக்கிறது. கிருமிகளைக் கொல்லும் சரக்கு. கிராம்பில் இருக்கிற யூஜினாலைப் பல் டாக்டர்கள் இன்றைக்கும் உபயோகிக்கிறார்கள். புதினா வகையில் வருகிற மெந்தால், தோலில் குளிர்ச்சியை உணருகிற நரம்புகளைத் தட்டி எழுப்புகிறது. தோல் உண்மையில் குளிர்வதில்லை. குளிர்ந்ததாக மூளைக்குச் சேதி போகிறது. அந்தச் சேதியின் சத்தத்தில் வலியின் சத்தம் கொஞ்சம் அமுங்கிப் போகிறது. தலைவலிக்கும் கால் பிடிப்புக்கும் இது போதும். தலைவலியில் அமுங்கினால் லாபம். மாரடைப்பில் அமுங்கினால் நஷ்டம். ஏனென்றால் அங்கே வலி என்பது ஊரைக் கூட்டுவதற்காக அடிக்கிற மணி.

மணத்துக்கு இன்னொரு வழியும் இருக்கிறது. மூக்கில் நுழைகிற வாசனை, மூளையில் உணர்ச்சிக்கும் ஞாபகத்துக்கும் உரிய இடங்களுக்கு நேர்வழியாகப் போய்ச் சேருகிறது. மண்பானைத் தண்ணீரில் ஊறிய வெட்டிவேர் மணத்தில் பள்ளிக்கூட விடுமுறை முழுவதும் ஞாபகத்துக்கு வருவது அதனால்தான். மனசு அமைதியானால் நாடித் துடிப்பு தணியும். ரத்த அழுத்தமும் கொஞ்சம் இறங்கும். லாவண்டர் போன்ற மணங்களை வைத்துச் செய்த சில சிறிய ஆராய்ச்சிகள் இதைச் சொல்கின்றன. ஆனால் அவை சிறியவை. அவற்றில் தெரிந்த பலனும் கொஞ்ச நேரத்துக்கு நிற்கிற பலன். மாரடைப்பைத் தடுத்ததாகவோ, அடைத்த குழாயைத் திறந்ததாகவோ ஒரு சாரத்துக்கும் சான்று கிடையாது.

தைவானில் நடந்த ஓர் ஆராய்ச்சி 2012-ல் வெளியாயிற்று. தைப்பே நகரத்தின் ஸ்பா நிலையங்களில் வேலை செய்கிற 100 இளம் ஊழியர்களை, பெர்கமாட் சாரத்தின் ஆவி நிறைந்த அறையில் உட்கார வைத்துச் சோதித்தார்கள். பெர்கமாட் என்பது எலுமிச்சை இனத்துப் பழம். அதன் தோலிலிருந்து சாரம் எடுக்கிறார்கள். முதல் முக்கால் மணி நேரம் வரை அவர்களின் நாடித் துடிப்பும் ரத்த அழுத்தமும் இறங்கின. ஒரு மணி நேரத்தைத் தாண்டியதும் இரண்டும் ஏறத் தொடங்கின. அத்தை வீட்டுக் கிண்ணமோ சாயங்காலம் மாட்டினால் காலையில்தான் நிற்கும். வாசனை நல்லது என்றால் ராத்திரி முழுக்க வாசனை அதைவிட நல்லது என்பது நாமாகப் போட்ட கணக்கு. பாயசத்திலேயே அந்தக் கணக்கு பலிப்பதில்லை!

இன்னொரு விஷயத்தை எல்லோரும் தெரிந்து கொள்ள வேண்டும். நாம் வலிக்குத் தேய்க்கிற களிம்புகளிலும் தைலங்களிலும் மெதில் சாலிசிலேட் என்ற சரக்கு பெரும்பாலும் இருக்கும். விண்டர்கிரீன் சாரம் என்பது ஏறக்குறைய முழுவதும் அதுதான். அது ஆஸ்பிரினுக்கு நெருங்கிய உறவு. ஒரு தேக்கரண்டி விண்டர்கிரீன் சாரத்தில் சுமார் 7 கிராம் ஆஸ்பிரினுக்குச் சமமான வேகம் இருக்கிறது. ஒரு குழந்தை வாயில் ஊற்றிக் கொண்டால் உயிருக்கே ஆபத்து. யூகலிப்டஸ் தைலமும் சூடமும் வயிற்றுக்குள் போனால் குழந்தைகளுக்கு வலிப்பு வரும். ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் சாப்பிடுகிற இருதய நோயாளிகள், மெதில் சாலிசிலேட் கலந்த தைலத்தை உடம்பெல்லாம் தினமும் தேய்த்துக் கொண்டால் அதுவும் மருந்தோடு சேர்ந்து கொள்ளும். ரத்தக் கசிவு உண்டாகலாம். 'வெளியேதானே தடவுகிறோம்' என்று நினைக்கிறோம். தோல் என்பது வேலிதான், சுவர் அல்ல.

இருதயத்தைக் கெடுப்பவை எவை என்று ஒரு பெரிய விசாரணை நடந்தது. 52 தேசங்களில், ஏறக்குறைய 30,000 பேரை வைத்து நடத்திய அந்த 'இன்டர்ஹார்ட்' ஆராய்ச்சியின் முடிவு 2004-ல் வெளியாயிற்று. புகை, ரத்தக் கொழுப்பு, ரத்த அழுத்தம், சர்க்கரை, தொப்பை, மனக்கவலை, காய்கறி பழம் தின்னாமை, நடக்காமை, மது விஷயம் என ஒன்பது காரணங்களே முதல் மாரடைப்பில் 90 சதவீதத்துக்கு மேல் பொறுப்பு என்று கண்டார்கள். நம் பக்கத்து ஜனங்களுக்கு மற்றவர்களைவிட ஐந்தாறு வருஷம் முன்னாலேயே மாரடைப்பு வந்துவிடுகிறது என்றும் தெரிந்தது. அந்த ஒன்பதில் மனக்கவலையும் ஒன்று என்பதைக் கவனியுங்கள். நறுமணத்துக்கு இருதயத்தின் வீட்டில் ஏதாவது வாசல் உண்டென்றால் அந்த ஒரு வாசல்தான். மற்ற எட்டு வாசலையும் அதனால் காவல் காக்க முடியாது.

இதையெல்லாம் அத்தையிடம் சொல்லலாம். மாமாவிடம் எப்படிச் சொல்வது? சுரங்கத்தில் 38 வருஷம் இருந்த மனிதரிடம், பேனா பிடிக்கிற நான் உபதேசம் செய்ய முடியுமா? சாயங்காலம் அவரோடு நடக்கப் போனபோது, அவர் வேலையைப் பற்றிக் கேட்டேன். மாமா நிலத்தடி நீரைக் கட்டுப்படுத்தும் பிரிவில் இருந்தவர். அதைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் வீடு வந்து சேர்வது தெரியாது.

"கரிக்கு அடியில தண்ணி இருக்கு மாப்பிள்ளே. சும்மா இல்லே, மேலே முட்டிக்கிட்டு இருக்கு. சதுர சென்டிமீட்டருக்கு 6 லேருந்து 8 கிலோ அழுத்தம். மேல் மண்ணை வெட்டி எடுத்தாச்சுன்னா அதைத் தாங்கப் பாரம் கிடையாது. விட்டா கரியைப் பிளந்துக்கிட்டு வந்து சுரங்கத்தையே முழுக்கிடும். அதான் சுத்திலும் குழாய்க் கிணறு போட்டு, ராப்பகலா பம்ப் ஓடும்."

"ஒரு நாள் நிறுத்திவைத்தால்?"

"என்ன பேசறே? தீபாவளி, பொங்கல் எதுக்கும் நிக்காது. மேலேருந்து பார்த்தா எல்லாம் அமைதியாத்தான் இருக்கும். அமைதியா இருக்கறதே பம்ப் ஓடறதாலேதான். சொன்னா புதுசா வந்த பசங்களுக்குப் புரியாது. 'தண்ணியே காணோமே, எதுக்கு இத்தனை பம்ப்'பும்பான்."

நான் ஒன்றும் சொல்லவில்லை. பத்தடி நடந்த பிறகு அவரே நின்றார்.

"உங்க அத்தை மாத்திரை எண்ணின கதையைச் சொல்லிட்டாளா?"

"சொன்னாள்."

"பிரஷர் இறங்கித்தானே இருக்குன்னு நான் சொன்னதையும் சொல்லியிருப்பா." சிரித்துவிட்டார். "என் வாயாலேயே என்னை மாட்டி வெச்சுட்டியே! கதை எழுதறவனோட நடக்கவே கூடாது."

அன்று ராத்திரி மாத்திரையை எல்லோரும் பார்க்கும்படி எடுத்துப் போட்டுக் கொண்டார். இது ஒரு நாள் வைராக்கியம்தானோ என்று எனக்குச் சந்தேகம், அத்தைக்கும் சந்தேகம். ஆகையால் மறுநாள் பிள்ளை ஏழு கண்ணறை வைத்த மாத்திரை டப்பா ஒன்று வாங்கி வந்தான். அன்றைக்குரிய கண்ணறை காலியாக இருக்கிறதா என்று பார்ப்பது பேரனுடைய உத்தியோகம். சம்பளம், வாரம் ஒரு கடலை மிட்டாய்.

அத்தையின் கேள்வி பாக்கி இருந்தது. அதை நான் தொடவில்லை, மாமாவே தொட்டார். சாப்பாடு முடிந்து கூடத்தில் உட்கார்ந்திருந்தபோது, தைலம் தேய்த்தது வலியை மறைக்கும், நேரத்தைத் தின்னும் என்று நான் படித்ததைச் சொல்லிக் கொண்டிருந்தேன். அத்தை தலையைக் குனிந்து கொண்டாள்.

"அவனை விடு. நான் சொல்றேன் கேளு," என்றார் மாமா. "அன்னிக்கு ராத்திரி நெஞ்சுக்குள்ளே யானை உட்கார்ந்த மாதிரி இருந்தது. செத்துப் போயிடுவோம்னு பயம். நீ தேய்ச்சுக்கிட்டே இருந்தே. அதனாலே பயம் போச்சு. வலி போகலே, பயம் போச்சு. தேய்ச்சது தப்பில்லே. தேய்ச்சுக்கிட்டே பையனை எழுப்பியிருந்தா இன்னும் நல்லது. அதை நானும்தானே சொல்லலே? 'யாரையும் எழுப்பாதே, காலையில பார்த்துக்கலாம்'னது நான்தானே?"

ஆறு வருஷமாக இந்தக் கடைசி வாக்கியத்தை அவர் சொல்லவில்லை போலிருக்கிறது. அத்தை பதில் பேசாமல் எழுந்து உள்ளே போனாள். பாத்திரம் துலக்குகிற சத்தம் வழக்கத்தைவிட அதிக நேரம் கேட்டது.

மாமா சொன்னதற்கு மேல் நான் சொல்ல அதிகம் இல்லை. குழாய் அடைத்துக் கொண்டால் அரை மணி நேரத்துக்குள்ளேயே இருதயத் தசை மடிய ஆரம்பிக்கிறது. அடுத்த சில மணி நேரத்தில் போவதெல்லாம் போய்விடுகிறது. எவ்வளவு சீக்கிரம் அடைப்பைத் திறக்கிறார்களோ அவ்வளவு மிச்சம். மார்பின் நடுவில் அழுத்துகிற வலி, தோளுக்கோ கைக்கோ தாடைக்கோ பரவுகிற வலி, குளிர்ந்த வியர்வை, மூச்சு முட்டல், காரணமில்லாத பெரும் களைப்பு இவற்றில் எது வந்தாலும் வாயுவா, இருதயமா என்று வீட்டில் பட்டிமன்றம் நடத்த வேண்டாம். பெண்களுக்கும் சர்க்கரை உள்ளவர்களுக்கும் வலி சரியாகத் தெரியாமலே கூட வரும். தீர்ப்புச் சொல்ல ஈ.சி.ஜி. என்கிற நீதிபதி இருக்கிறார். 2008-லிருந்து தமிழ்நாட்டில் 108 வண்டி ஓடுகிறது. 2023-ல் 'இதயம் காப்போம்' என்ற திட்டம் தொடங்கியபோது, நெஞ்சு வலியோடு வருகிறவர்களுக்கு ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே முதல் வேளை மாத்திரைகளைக் கொடுத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்ப ஏற்பாடு செய்தார்கள். பெரிய ஊர் தூரத்தில் இருக்கிறதே என்று விடியும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. வாயு என்று முடிந்தால் சிரித்துக் கொண்டே திரும்பி வரலாம். அந்த வெட்கத்தைப் போல மலிவான வெட்கம் உலகத்தில் இல்லை.

வாசனையை யாரும் விட வேண்டாம். வெட்டிவேரைப் பானையில் போடுங்கள். ஜன்னலுக்குத் தட்டி கட்டி நனையுங்கள். கிண்ணம் பிடித்திருந்தால் அரை மணி நேரம் ஓட விட்டு அணையுங்கள். வீட்டில் ஆஸ்துமாக்காரரோ கைக்குழந்தையோ இருந்தால் அதுவும் வேண்டாம். மனசு என்கிற நெஞ்சுக்கு அது நல்லது. ஆனால் ரத்தம் இறைக்கிற நெஞ்சுக்கு வேறு பாஷை. அதற்கு மாத்திரையும் நடையும் உப்புக் குறைந்த சாப்பாடும் தெரியும், லாவண்டர் தெரியாது.

அத்தை வீட்டு அலமாரியில் தைல சீசா பழைய இடத்திலேயே இருக்கிறது. அதன் அடியில் இப்போது ஒரு சின்ன அட்டை. பேரனுடைய கோணல் எழுத்தில் 108 என்றும், அதற்குக் கீழே 'முதலில் அப்பாவை எழுப்பு' என்றும் எழுதியிருக்கிறது.